நெடுந்தூர நடை பாட்காஸ்ட்டுகள்: நம்ம மலைக்கு எது உதவும்?

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அமெரிக்காவில் மாதக்கணக்கில் மலைப்பாதையில் நடக்கிறவர்களைப் பற்றிய பாட்காஸ்ட் விடாமல் கேட்கிறேன். எபிசோடு குவிந்து கிடக்கிறது. அதில் எதைக் கேட்டால் பிரயோஜனம்? அவர்கள் சொல்வதை வைத்து நம்ம குமுளி, மூணாறு மலையில் நாலைந்து நாள் நடக்க முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் எதைக் கேட்பது என்பதற்கு முன்னால் எங்கே கேட்பது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேளுங்கள், கம்பம்-குமுளி பஸ்ஸில் கேளுங்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். காட்டுக்குள் கால் வைக்கும்போது இயர்போன் பைக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாதைகளில் நடக்கிறவர்கள் நடந்துகொண்டேதான் இதையெல்லாம் கேட்கிறார்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி மரங்களுக்கு நடுவே நடக்கும்போது அது அவர்களுக்குத் துணை. அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

காரணம் யானை. அவ்வளவு பெரிய உடம்பு இருபதடி தள்ளி ஈற்றை மூங்கில் காட்டுக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். சத்திரம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வனத்துறை வாட்சர் அண்ணனோடு போனபோது, முன்னால் நடந்தவர் திடீரென்று கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புதருக்குள்ளிருந்து புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. யானை மரப்பட்டையை உரிக்கிறது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற அந்தக் கனமான உறுமல். அண்ணன் குனிந்து ஒரு பிடி காய்ந்த மண்ணை எடுத்து விரல் வழியாக விட்டார். தூசி எங்களை விட்டு ஓடைப் பக்கமாகப் போனது. காற்று எங்கள் வாடையை அதனிடம் கொண்டுபோகிறது என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே திரும்பினோம். காதில் யாரோ ஒருவர் கலிபோர்னியாப் பாலைவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

சரி, பாட்காஸ்ட்டுக்கு வருவோம். முதலில் அவர்கள் எந்தப் பாதைகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் பேச்சு பிடிபடும். பெரும்பாலும் மூன்று பாதைகள். கிழக்கே அப்பலாச்சியன் டிரெயில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1921-ல் பென்டன் மெக்காய் என்பவர் யோசனை சொல்லி, 1937-ல் முழுப்பாதையும் தயாரானது. மேற்கே பசிபிக் கிரெஸ்ட் டிரெயில், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,260 கிலோமீட்டர். நடுவே கான்டினென்டல் டிவைட் டிரெயில், ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். மூன்றையும் முடித்தவர்களுக்கு டிரிபிள் கிரவுன் என்று பட்டம். அந்த நிகழ்ச்சிகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும்.

நிகழ்ச்சிகளில் நான் முதலில் சொல்வது 'பேக்பேக்கர் ரேடியோ'. ஜாக் டேவிஸும் ஜூலியானா சான்சியும் நடத்துகிறார்கள். டேவிஸ் 2011-ல் அப்பலாச்சியன் பாதையை முழுக்க நடந்தவர். எபிசோடுகள் நீளமானவை, அரட்டையும் நிறைய இருக்கும், மலம் கழிக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள் உட்பட. பொறுமையாகக் கேட்டால் நடுவே தங்கம் கிடைக்கும். 'தி ஃபர்ஸ்ட் ஃபார்ட்டி மைல்ஸ்' ஒரு தம்பதி நடத்தியது, முதன்முதலில் பையைத் தோளில் மாட்டுகிறவர்களுக்கானது. குட்டிக் குட்டி எபிசோடு, உங்களுக்கு அதுதான் ஆரம்பம். 'தி டர்ட்பேக் டயரீஸ்' 2007-ல் ஃபிட்ஸ் கஹால் தொடங்கியது. அதில் தகவலைவிடக் கதைதான் முக்கியம், ராத்திரி தூங்கும் முன் கேட்கலாம். வேகமான அமெரிக்க ஆங்கிலம் பிடிபடவில்லை என்றால் வேகத்தை 0.8-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மைல் என்றால் 1.6-ஆல் பெருக்குங்கள், பவுண்டு என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவான கிலோ.

இனி எபிசோடுகள். எது அதிகம் கேட்கப்படுகிறது என்று பார்த்தால் மூன்று வகைதான் மேலே நிற்கும்: சாதனை ஓட்டம், ஆள் காணாமல் போன கதை, என்ன சாமான் வாங்கலாம் என்பது. மூன்றும் பேச்சுக்கு ருசியானவை. ஆனால் உங்களை நடக்க வைப்பவை அவை அல்ல. காலைப் பற்றி, சோற்றைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, பாதியில் திரும்பியவர்களைப் பற்றிப் பேசும் எபிசோடுகள்தான் நடக்க வைக்கும். அவை பட்டியலில் கீழே எங்கேயோ கிடக்கும். தேடி எடுங்கள்.

சாதனைக் கதைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஹெதர் ஆண்டர்சன் 2013-ல் பசிபிக் கிரெஸ்ட் பாதையை யாருடைய உதவி வண்டியும் இல்லாமல் 61 நாளுக்குள் முடித்தார். டாரா டவர் 2024-ல் அப்பலாச்சியனை 41 நாளுக்குள் ஓடி முடித்தார். இவர்கள் பேசும் பேட்டிகளைக் கட்டாயம் கேளுங்கள், உடம்பில் புல்லரிக்கும். ஆனால் அதிலிருந்து நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு உதவுகிற கணக்கு 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டர் நடையில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் நாலரை மணி நேரம், அதுவும் எங்கேயும் உட்காராமல். குரங்கணிப் பக்கத்து ஏற்றத்தில் வெயிலோடு சேர்ந்தால் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்குள் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் காலையில் கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

சாதனை வரிசையில் நான் சேர்க்கும் இன்னொருவர் எம்மா கேட்வுட். இவரைப் பற்றிப் பல நிகழ்ச்சிகளில் எபிசோடு உண்டு. எனக்கு மனதுக்கு நெருக்கமானது இவர் கதைதான். பதினோரு பிள்ளை பெற்றவர், கணவனிடம் வருஷக்கணக்கில் அடிபட்டவர். 1954-ல் அப்பலாச்சியன் பாதையின் மெய்ன் முனையிலிருந்து தொடங்கியவர் வழி தவறினார், கண்ணாடி உடைந்தது, ரேஞ்சர்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அடுத்த வருஷம் ஜார்ஜியா முனையிலிருந்து தொடங்கி முழுப்பாதையையும் முடித்தார். அப்போது வயது 67. காலில் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரையாகத் தொங்கவிடும் பிளாஸ்டிக் ஷீட். சாமான் எபிசோடுகளைக் கேட்டு நாற்பதாயிரம் ரூபாய் இல்லையே என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கம்பத்தில் ஒரு நல்ல தார்ப்பாய் என்ன விலை என்று விசாரிக்கப் போகலாம்.

சாமான் எபிசோடுகளில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, எடை. சோறு, தண்ணீர் நீங்கலாகப் பையின் எடை நாலரை கிலோவுக்குள் இருந்தால் அவர்கள் அதை அல்ட்ராலைட் என்கிறார்கள். ஒன்பது கிலோ வரை பரவாயில்லை. வீட்டுத் தராசில் ஒவ்வொரு பொருளையும் வைத்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது பேன்ட், பெரிய டார்ச், மூன்று செட் துணி எல்லாம் தானாகவே வெளியே போகும். மற்றபடி எந்தக் கூடாரம், எந்த அடுப்பு என்று மணிக்கணக்கில் பேசுவதை விட்டுவிடலாம். நம்ம பக்கம் காட்டுக்குள் கூடாரம் போட அனுமதியே கிடையாது, வனத்துறை முகாம்களைத் தவிர.

இப்போது காலுக்கு வருவோம். இதில் அவர்களின் எபிசோடுகள் ரொம்பவே நல்லவை. மாதக்கணக்கில் தினமும் நடக்கிறவர்கள் சொல்வது அனுபவத்தில் ஊறியது. கொப்புளம் வருவது தோல் உரசுவதால் மட்டும் இல்லை. மேல்தோல் ஷூவோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்ந்துகொண்டே இருக்க, நடுவில் உள்ள அடுக்கு கிழிந்து நீர் கோர்க்கிறது. ஈரம் இருந்தால் தோல் இன்னும் ஒட்டும், சீக்கிரம் கிழியும். அதனால் காலைக் காய வைப்பதுதான் மருந்து. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் ஷூவைக் கழற்றி, சாக்ஸை வெயிலில் போட்டு, பத்து நிமிஷம் காலை நீட்டி உட்காருங்கள். எங்கேயாவது சுடுகிற மாதிரி, கிள்ளுகிற மாதிரி தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அடுத்த வளைவில் கொப்புளம் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணி பிளாஸ்திரியை ஓரம் மடங்காமல், மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். மூலை சதுரமாக இருந்தால் சாக்ஸில் மாட்டி உரிந்து வந்துவிடும். கால் நாள் போக்கில் வீங்கும் என்பதால் ஷூவை சாயங்காலம் போய் வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டு. இறக்கத்தில் நகம் கறுக்காமல் இருக்க அதுதான் வழி.

இதையெல்லாம் அமெரிக்கர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பெரிய பாதை நடக்கும் குருசாமிகளிடம் கேட்டுப் பாருங்கள். கரிமலை இறக்கத்தில் வெறுங்காலோடு எப்படிக் காலை வைப்பது, முழங்காலை எப்படிக் கொஞ்சம் மடக்கியே வைத்திருப்பது, எங்கே உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று வரிசையாகச் சொல்வார்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்களும் அப்படித்தான், ராத்திரி தங்கும் இடத்தில் வெந்நீரில் காலை ஊறவைக்காமல் படுக்க மாட்டார்கள். அமெரிக்கப் பாதைகளில் முன்பின் தெரியாதவர்கள் வழியோரம் நின்று நடப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பற்றித் தனி எபிசோடுகளே இருக்கின்றன. கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். அதைக் கேட்கும்போது நீங்கள் உத்தமபாளையத்திலிருந்து குமுளி வரைக்கும் ரோட்டோரம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார்களுக்கு நடக்கும் அன்னதானத்தை நினைத்துக்கொள்வீர்கள். நம்மவர்களின் நடை அறிவை யாராவது உட்கார வைத்துப் பேட்டி எடுத்துத் தமிழில் பாட்காஸ்ட் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீங்களே செய்தாலும் சரி.

சாப்பாட்டு எபிசோடுகளில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, முழுநாள் சுமையோடு ஏறினால் உடம்பு நாலாயிரம் கலோரிக்கு மேல் கேட்கும். ஆகவே கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று பார்த்துத்தான் அவர்கள் பையில் போடுகிறார்கள், நூறு கிராமுக்கு 440 கலோரி என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் சொல்லும் பாக்கெட்டுகள் நமக்கு வேண்டாம். வறுத்த நிலக்கடலை நூறு கிராமில் 560-க்கு மேல், நேந்திரங்காய் சிப்ஸும் ஐந்நூறைத் தாண்டும், கடலை மிட்டாயும் அந்தக் கிட்டத்தில். அவல் 350 போலத்தான், ஆனால் அடுப்பே வேண்டாம், தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது. இரண்டாவது விஷயம் உப்பு. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, ஒரு துண்டு உப்பு நாரத்தை, இவை பையில் கட்டாயம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் உங்களைக் கையைப் பிடித்து நிறுத்துவேன். அந்த நிகழ்ச்சிகளில் எல்லோரும் புகழ்வது கையால் பிழிகிற சின்ன வடிகட்டி. உள்ளே வைக்கோல் தண்டு போல மெல்லிய குழாய்கள், அவற்றின் துளை 0.1 மைக்ரான். பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் பிடித்துவிடும். மனித நடமாட்டம் குறைந்த மலை ஓடைக்கு அது போதும். நம்ம மலையில் ஓடை எங்கிருந்து வருகிறது? வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை எங்கும் ஏலக்காய்த் தோட்டம். ஏலத்துக்கு அடிக்கிற மருந்து மழையில் கழுவிக்கொண்டு ஓடைக்குத்தான் வரும். அந்த வடிகட்டி ரசாயனத்தை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகாது. வைரஸையும் அது பிடிக்காது. மேலே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆள் குடியிருந்தால் அதுவும் கவலைதான். ஓடை பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். தோட்டத்துக்குக் கீழே உள்ள எந்தத் தண்ணீரையும் குடிக்காமல், லயத்திலோ டீக்கடையிலோ கேட்டு வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். கேட்டால் இல்லை என்று சொல்கிற வீட்டை நான் அந்த மலையில் பார்த்ததில்லை.

கழிவைப் பற்றிய எபிசோடுகளையும் வெட்கப்படாமல் கேளுங்கள். ஓடையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, அரையடிக்கு மேல் குழி தோண்டி, மூட வேண்டும். அந்த ஓடை கீழே ஏதோ ஒரு ஊரின் குடிதண்ணீர். இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான் அதிகம் கேட்கப்படும் இன்னொரு கதை. 2013-ல் அப்பலாச்சியன் பாதையில், மெய்ன் மாநிலத்தில், 66 வயதுப் பெண் ஒருவர் ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டு உள்ளே போனார். திரும்பப் பாதை தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய மெசேஜ் ஒன்றுகூட சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. மிகப் பெரிய தேடல் நடந்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவருடைய கூடாரமும் உடலும் கிடைத்தன. நாட்குறிப்பைப் பார்த்தால் மூன்று வாரத்துக்கும் மேலாக உயிரோடு காத்திருந்திருக்கிறார். இந்தக் கதையைத் திகிலுக்காகக் கேட்காதீர்கள். அதிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான்: ஒதுங்கப் போகும்போது பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கூட வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், விசில் கழுத்திலேயே இருக்கட்டும், திரும்பும்போது ஒரு சந்தேகம் வந்தாலும் நின்று மூன்று முறை ஊதுங்கள். சோலைக்காட்டிலும் ஏலக்காட்டிலும் பதினைந்தடி உள்ளே போனால் நாலு பக்கமும் ஒரே பச்சைதான்.

குளிரைப் பற்றியும் ஒன்று. 'அவுட்சைட்' பாட்காஸ்ட் 2016-ல் உயிர்பிழைப்பு பற்றித் தொடங்கிய வரிசையின் முதல் எபிசோடு, உடம்புச் சூடு டிகிரி டிகிரியாக இறங்கி ஒரு மனிதன் உறைந்துபோவதைச் சொல்கிறது. பனிப்பிரதேசத்துக் கதை என்று தள்ள வேண்டாம். மூணாறில் செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரியில் புல் மேல் உறைபனி படிகிற நாடு இது. 2,640 மீட்டர் உயர மீசப்புலிமலை முகட்டில் மழையில் நனைந்து காற்றும் அடித்தால் பத்து டிகிரியிலேயே ஆள் விழுவான். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், பாலியஸ்டர் டீசர்ட் பரவாயில்லை. கூட வருகிறவரைக் கவனியுங்கள்: முதலில் விரல் தடுமாறும், ஜிப் போட முடியாது. அப்புறம் வாய் குழறும். அப்புறம் கால் பின்னும். விரல் கட்டத்திலேயே நிறுத்தி, ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, இனிப்பாக ஏதாவது கொடுங்கள்.

இனி எந்த அமெரிக்க எபிசோடும் உங்களுக்குச் சொல்லாதவை. முதலாவது தீ. 2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழு காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். தேனி மாவட்டத்தில் யாரும் அதை மறக்கவில்லை. காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கித்தான் வெறிகொண்டு ஓடும், சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓடி ஜெயிக்க முடியாது. பிப்ரவரி பாதிக்கு மேல் கோடை மழை விழும்வரை புல்மலைப் பக்கமே போகாதீர்கள். அனுமதி இல்லாத பாதையில் யார் கூட்டிக்கொண்டு போனாலும் போகாதீர்கள்.

அனுமதி என்றதும் நிறையப் பேர், அமெரிக்காவில் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள், இங்கேதான் கெடுபிடி என்கிறார்கள். அங்கேயும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தெற்கு முனையிலிருந்து ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குத்தான் நெடுநடை அனுமதி. இங்கே தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது, உள்ளூர் வழிகாட்டிகளோடு. குமுளிப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகத்தில் 'பார்டர் ஹைக்கிங்' என்று முழுநாள் நடை இருக்கிறது. அங்கே வழிகாட்டிகளில் ஒரு பகுதியினர் ஒரு காலத்தில் வயணப்பட்டை என்ற காட்டு லவங்கப்பட்டையைத் திருடக் காட்டுக்குள் போனவர்கள். தொண்ணூறுகளில் அந்தத் தொழிலை விட்டு, இன்று அதே காட்டைக் காவல் காக்கிறார்கள். அவர்களோடு ஒரு நாள் நடப்பது ஐம்பது எபிசோடு கேட்பதற்குச் சமம், காடு எப்படிச் சத்தம் போடும் என்று அவர்களுக்கு அத்தனை தெரியும். கடமான் கத்தினால் என்ன, மந்தி ஒரே குரலில் எச்சரித்தால் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பழகுங்கள்.

இரண்டாவது, மறுபடி யானைதான். அமெரிக்கர்கள் கரடிக்குப் பயந்து சோற்றை டப்பாவில் பூட்டுகிறார்கள். நம்ம சின்னக்கானல் அரிக்கொம்பன் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கியவன். 2023 மே மாதம் உங்கள் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்தானே. அரிசி, வெல்லம், உப்பு, வாழைப்பழம், எல்லாம் அதற்கு வாடை தெரியும். ஆகவே வனத்துறை சொல்லாத இடத்தில் ராத்திரி தங்கவே கூடாது. அட்டைக்கெல்லாம் இவ்வளவு பேச வேண்டாம், உப்பும் தேங்காய் எண்ணெயும் போதும். பிடுங்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

பாதியில் திரும்பியவர்களின் எபிசோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. அப்பலாச்சியன் முழுக்க நடக்கக் கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். கரடி கடித்துத் திரும்புவதில்லை. முழங்கால் வலி, வயிற்றுப்போக்கு, கையில் காசு தீர்வது, மழையில் நாலு நாள் நனைந்த சலிப்பு, வீட்டு ஞாபகம். இந்தப் பேட்டிகளில் யாரும் நாயகன் இல்லை என்பதால் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இரண்டாவது வாரத்தில் மனசு என்ன சொல்லும் என்று இவர்கள்தான் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அவர்களில் பலர் சொல்வது: மழை பெய்யும் நாளில், மலை ஏறும்போது, பசியோடு இருக்கும்போது முடிவெடுக்காதே. ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, அப்புறம் முடிவெடு. முழங்காலில் கூர்மையான வலி என்றால் மட்டும் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.

அப்போ நாலைந்து நாள் எங்கே நடப்பது? என் யோசனை காட்டுக்குள் வேண்டாம், ரோட்டில் நடங்கள். குமுளியிலிருந்து ஆனக்கரை, புளியன்மலை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை வழியாகப் பூப்பாறை வரை. நாளுக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வைத்தால் நாலைந்து நாளில் வந்துவிடும். எங்கேயும் வன அனுமதி வேண்டாம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு டீக்கடை, பெரிய ஊர்களில் லாட்ஜ், பேச்சுத் துணைக்குத் தமிழ் தெரிந்தவர்கள். ஊருக்கு ஊர் சாமான் வாங்கி, ராத்திரி கூரைக்குக் கீழே படுத்து, காலையில் மறுபடி பையை மாட்டுவது, அமெரிக்கப் பாதைகளில் நடப்பதும் பாதிக்குப் பாதி இதுதான். கால், சோறு, எடை, சலிப்பு எல்லாவற்றையும் இதில் சோதித்துப் பார்க்கலாம். நேரம், மகரவிளக்கு முடிந்து குமுளியில் வண்டி நெரிசல் குறைந்த பிறகு, ஜனவரி கடைசி வாரம் நல்லது.

வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். காலையில் கம்பம், போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள் வளைவில் பறந்து வரும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். அந்த இரண்டு நேரத்திலும் ரோட்டை விட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுங்கள். சாந்தன்பாறை தாண்டும் முன்னால் கடையில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரியுங்கள், அன்றன்றைய செய்தி அங்கே எல்லோருக்கும் தெரியும். பூப்பாறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஆனையிறங்கல் பக்கம் நடந்து போகும் இடம் இல்லை. பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிக்குப் பஸ் இருக்கிறது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இயர்போனை எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.